போல்ட்டைப் பிடித்த கை

ஜோதிமணி சூளகிரியிலிருந்து ஸ்கூட்டரில் ஓசூர் விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. இருப்பது ஒரே வேலைதான். அதை முடித்து மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். அவள் போனால்தான் கணவன் பிரகாஷ் பாப்பாவை அவளிடம் விட்டுவிட்டு, இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற முடியும்.

கொட்டகையில் நின்றது ஒரு குட்டி விமானம். வருடக்கணக்கில் எங்கோ சும்மா கிடந்து வந்தது. என்ஜின் ஓடியது, பேட்டரியில் சார்ஜ்தான் நிற்கவில்லை. எங்கேயோ கனெக்‌ஷன் லூஸ். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கத்து ஒயர்களை எல்லாம் சீனியர் மெக்கானிக் மாதேஸ்வரன் முடுக்கிவிட்டார். அப்படியும் விடிந்தால் பேட்டரி காலி.

"உள்ள யாரோ உக்காந்து குடிக்கிற மாதிரி இருக்குது கண்ணு," என்று சிரித்தார்.

மிச்சமிருந்தது வாலுக்குள் இருக்கும் பேட்டரியின் எர்த் ஒயர். அதற்கு ஒல்லியான ஆள் வேண்டும். அந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் ஜோதிமணி தலையில்தான் விடியும்.

வால் மூடியின் ஸ்க்ரூக்கள் மேல் பெயிண்ட் அடுக்கடுக்காக அப்பியிருந்தது. எவனோ திறக்கவே கூடாதென்று அடித்திருக்கிறான். அதைச் சுரண்டித்தான் திறந்தார்கள்.

உள்ளே நுழைபவர் பாக்கெட்டில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. போனையும் ஸ்கூட்டர் சாவியையும் வாசலருகே தட்டில் வைத்தாள். ஜெனரேட்டர் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளிருப்பவர் ஸ்பேனரால் தகட்டில் மூன்று முறை தட்டினால், வேலை முடிந்தது, இறங்குகிறேன், மூடலாம் என்று அர்த்தம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தாள். போகப் போக வால் குறுகியது. ஆசிட் நெடியோடு, ஈரத் தலைமுடியின் வாடையும் வந்தது.

லூஸ் நட்டு அகப்பட்டது. ஆனால் அதைத் திருகினால் போல்ட்டும் கூடவே சுற்றியது. போல்ட்டின் தலை, வாலைக் குறுக்கே மறித்த தடுப்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கை எட்டாது.

"அந்தப் பக்கம் யாராச்சும் புடிச்சா தேவல," என்று முனகினாள்.

போல்ட் நின்றது.

நட்டு சுகமாக இறுகிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் வால் நுனி. பூனை நுழையலாம், மனிதர் நுழைய முடியாது.

டார்ச் அணைந்தது.

தடுப்பின் துளை வழியாக விரல்கள் வந்து அவள் மணிக்கட்டைத் தடவின. சில்லென்று இருந்தன. ஸ்பேனரை மெதுவாக வாங்கிக்கொண்டன. பிறகு ஓர் உடம்பு அவள் முதுகின் மேல் ஊர்ந்து, வெளிச்சம் தெரிந்த பக்கமாகப் போனது. கத்தப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தகட்டில் மூன்று தட்டு.

அவள் தட்டவில்லை.

மூடி விழுந்தது. ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக இறுகின.

அதன் பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. கத்தினாள், முஷ்டியால் இடித்தாள். ஜெனரேட்டர் அத்தனையையும் விழுங்கியது. திரும்பவும் இடமில்லை, மூச்சை முழுதாக இழுக்கவும் இடமில்லை. பாப்பாவை இனிப் பார்ப்போமா என்று அழுதாள்.

மாதேஸ்வரன் மதியம் சாப்பிட்டு வந்து ஜெனரேட்டரை நிறுத்திய பிறகுதான் அந்த இடி அவர் காதில் விழுந்தது. திறந்தவர் முகம் வெளுத்துப்போனது.

"நீ எப்புடிம்மா உள்ள? எறங்கி ஸ்கூட்டர எடுத்துக்கினு போனத பாத்துத்தான மூடுனன். கூப்புட்டன், நீ திரும்பிக்கூடப் பாக்கல. கொழந்த நெனப்புல ஓடுறன்னு நெனச்சன்."

தட்டில் போன் இல்லை, சாவி இல்லை. வாசலில் ஸ்கூட்டரும் இல்லை.

அவருடைய போனைப் பிடுங்கி பிரகாஷை அழைத்தாள்.

"நாந்தாங்க. பாப்பா எங்க?"

"வெளையாடறியா? உன்கிட்ட விட்டுட்டுத்தான பஸ் ஏறுனன்? வாயே தொறக்காம நின்ன, ஒடம்பு சரியில்லயா?"

தன் நம்பரையே அழைத்தாள். வெகுநேரம் அடித்தது. குழந்தைதான் எடுத்தது.

"அலோ, மாதேஸ் மாமாவா?"

"பாப்பா, அம்மாடா. கதவத் தொறந்துக்கினு வெளிய ஓடுடா கண்ணு!"

குழந்தை கொஞ்சம் யோசித்தது.

"அம்மா இங்கதான இருக்காங்க. ஜன்னலெல்லாம் சாத்திக்கினு இருக்காங்க. நீங்க யாரு?"