முதல் தண்ணீர் யாருக்கு?

மேகம் வந்தது. பம்பரம் ஓடினாள்.

முதலில் ஜன்னலுக்கு ஓடினாள்; பிறகு படியிறங்கிப் பின்முற்றத்துக்கு ஓடினாள்; அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் கட்டடத்துக்கு மேலே வந்தது, சற்று யோசித்தது, போய்விட்டது. அந்த வாரம் அது ஒரு வழக்கமாகியிருந்தது.

“ஒரு இடத்துல நிக்கவே மாட்டியா நீ?” என்றாள் அக்கா.

“மேகம் நின்னா நானும் நிப்பேன்.”

பள்ளியில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. உட்கார்ந்து சாப்பிடச் சொன்னால் நடந்துகொண்டே சாப்பிடுபவளுக்குப் பம்பரம் என்னும் பெயரே போதும் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஆனால், அந்த ஆண்டு அமைதியில்லாமல் இருந்தது அவள் மட்டும் அல்ல. மழை பொய்த்து ஓராண்டு கடந்திருந்தது. தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால், தலை வாரிக்கொண்டிருந்தவர்கள் பாதித் தலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பதில் நல்ல நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. வறட்சிக் காலத்தில் எப்போதாவது பெய்யும் ஒரே ஒரு மழையை, ஒரு கட்டடம் முழுவதும் குடிக்கும்படி எப்படிச் சேர்த்து வைப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சோதனைக்கு அவள் தன் கட்டடத்தையே தேர்ந்தெடுத்திருந்தாள். வேறு எந்தக் கட்டடமும் சம்மதிக்காததே காரணம்.

மொட்டை மாடியிலிருந்து ஒரு தடித்த குழாய் பின்முற்றத்துக்கு இறங்கியது. கீழே அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை சாக்கடைக்குப் போனது. இன்னொரு கிளை, மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டியின் வழியாக நிலத்தடித் தொட்டிக்குப் போனது. பிரியும் இடத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் சாக்கடை; வலப்பக்கம் திருப்பினால் தொட்டி.

இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவி ஒன்றும் உண்டு. அது பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

“எப்பவும் தொட்டிப் பக்கமே வெச்சுட்டா என்ன?” என்று ஒருநாள் பம்பரம் கேட்டாள்.

“மாடியில ஒரு வருஷத் தூசி ஒட்டிக் கிடக்கு. புறா எச்சம் வேற. முதல்ல விழுற மழை அதையெல்லாம் கழுவிக்கிட்டு வரும். அது தொட்டிக்குப் போகவே கூடாது.”

“நாமதான் மாடியைப் பெருக்கினோமே!”

“புறாவுக்கு அது தெரியலையே.”

“சரி, போயிடுச்சுன்னா?”

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். “தொட்டி மொத்தமும் கெட்டுடும். இறைச்சுக் கொட்டணும். மழை பெஞ்ச மறுநாள் எங்க பேராசிரியர் வந்து தண்ணி எடுத்துட்டுப் போய்ச் சோதிப்பார். அழுக்கா இருந்தா, குழாயைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாம லாரி பின்னாடியே ஓட வேண்டியதுதான்.”

பம்பரம் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய வேலையா என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை அக்காவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கையெழுத்து கிடைத்துவிட்டதாம். நேரில் வந்து கருவியை வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

“அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயாச்சு. நீயும் போனா, மழை வந்துடுச்சுன்னா?” என்றாள் பம்பரம்.

“இத்தனை நாள் வராதது, நான் போற அன்னிக்குத்தான் வருமா?”

அப்படித்தான் வந்தது.

நண்பகலுக்குப் பிறகு வானம் திடீரென்று இருண்டது. இந்த முறை மேகம் யோசிக்கவில்லை. முதல் துளி பம்பரத்தின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது துளி எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்குள் நூறு துளிகள் விழுந்துவிட்டன. வீட்டிற்குள் தொலைபேசி அலறியது.

“பஸ் நகரவே மாட்டேங்குது!” அக்காவின் குரல் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. “நான் வர நேரமாகும். நீதான் பார்த்துக்கணும். கைப்பிடி இப்ப சாக்கடைப் பக்கம்தான் இருக்கு. ஒரு கண்ணாடித் தம்ளர் எடுத்துக்கோ. அப்பப்பத் தண்ணியைப் பிடிச்சு, பின்னால பேப்பரை வெச்சுப் பாரு. சின்ன எழுத்து தெளிவாத் தெரியுற வரைக்கும் திருப்பாதே. யார் சொன்னாலும் திருப்பாதே!”

“யார் சொல்லப்போறாங்க?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பம்பரம் தம்ளரையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்முற்றத்தில் குழாய் உறுமிக்கொண்டிருந்தது. சாக்கடைப் பக்கக் கிளையின் வாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டியது. அவள் கைப்பிடிக்கு அருகில் நின்றுகொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓடாமல், ஆடாமல், ஒரே இடத்தில்.

கால்கள் மட்டும் கேட்கவில்லை. அவை நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன.

“ஐயோ! ஐயையோ! இங்க பாருங்க!”

இரண்டாவது மாடி ஜன்னலில் மாடி வீட்டு அத்தையின் தலை தெரிந்தது. “தண்ணி சாக்கடைக்குப் போகுது! மொத்தமும் போகுது!”

ஜன்னல்கள் திறந்தன. கதவுகள் திறந்தன. சற்று நேரத்தில் பாதிக் கட்டடம் பின்முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். அவர் ரயில் நிலையத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும், அவருடைய குரல் இன்னும் நடைமேடையிலேயே இருந்தது.

“என்ன நடக்குது இங்கே? கைப்பிடியைத் திருப்பு!”

“முடியாது தாத்தா. இது முதல் தண்ணி. அழுக்குத் தண்ணி. தொட்டிக்குப் போகக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா.”

“மழைத் தண்ணியில என்னம்மா அழுக்கு? வானத்துல யார் குப்பை கொட்டுறா?”

“வானத்துல இல்ல தாத்தா. மாடியில. புறா.”

“சின்ன வயசுல நான் மழையில வாயைத் திறந்துக்கிட்டே நின்னிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?”

அவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லப் பலருக்கு ஆசை இருந்தது. யாரும் சொல்லவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு முன்னால் வந்தார். அவர் கத்தவில்லை; கெஞ்சினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“கண்ணு, ரெண்டு குடத்துக்காக நேத்து நான் லாரி பின்னாடி அடுத்த தெரு வரைக்கும் ஓடினேன். இப்படிப் போறதைப் பார்க்க வயிறு எரியுது. மழை நின்னுட்டா என்ன பண்ணுவே?”

பம்பரத்தின் வயிற்றிலும் அதே கேள்விதான் இருந்தது. மழை நின்றுவிட்டால்? தொட்டியில் ஒரு சொட்டும் இருக்காது. வந்த ஒரே மழையைச் சாக்கடையில் விட்டவள் என்று கட்டடமே அவளைச் சொல்லும். அக்காவின் பேராசிரியர் காலித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அவள் தம்ளரை நீட்டித் தண்ணீர் பிடித்தாள். அது காப்பி நிறத்தில் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன இறகு சுற்றிக்கொண்டிருந்தது.

“பாருங்க மாமா!”

“வடிகட்டிதான் இருக்கே, அது பார்த்துக்காதா?”

“இவ்வளவு அழுக்கு வந்தா வடிகட்டியே அடைச்சுக்கும் மாமா.”

“பேச்சு போதும்,” என்ற ஸ்டேஷன் மாஸ்டர் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார். பம்பரம் இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டாள். குழாயின் அதிர்வு அவளுடைய பற்கள் வரை வந்தது.

“என்னால திருப்ப முடியாது!” என்று கத்தினாள். “நாம குடிக்கிற தொட்டி தாத்தா அது! அத்தை, உங்க பாப்பாவுக்கும் அதுலதானே பால் கலக்குவீங்க?”

ஸ்டேஷன் மாஸ்டரின் கை பாதி வழியில் நின்றது. ஆனாலும் எல்லோருடைய கண்களும் சாக்கடைக்குள் கொட்டும் தண்ணீரின் மேலேயே இருந்தன. ஏதோ தெரிந்தவர் ஒருவர் ஊரை விட்டுப் போவதைப் போல அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

பம்பரமும் பார்த்தாள். அவர்கள் சொல்வது தவறில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தொட்டிக்குப் போகக் கூடாது என்றுதான் அக்கா சொன்னாள். சாக்கடைக்குப் போயே ஆக வேண்டும் என்று சொல்லவில்லையே!

“அத்தை! உங்க வீட்டுல தரை துடைச்சு எத்தனை நாளாச்சு?”

“அதை ஏன் இப்பக் கேட்டு மானத்தை வாங்குறே?”

“வாளி கொண்டு வாங்க! எல்லாரும் வாளி கொண்டு வாங்க! இது குடிக்கத்தான் ஆகாது. தரை துடைக்க ஆகும், கக்கூஸுக்கு ஊத்த ஆகும், படி கழுவ ஆகும்!”

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அடுத்த கணம் முற்றத்தில் யாரும் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது வாளிகள் வந்தன, தகர டின்கள் வந்தன, குளியலறை மக்குகள் வந்தன. தையல்காரர் துணி முக்கும் பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். சாக்கடைப் பக்கக் குழாயின் வாயில் வரிசை தானாகவே உருவாயிற்று. லாரி வரிசையில் நடக்கும் அதே சண்டையும் உடனே தொடங்கிற்று.

“நான்தான் முதல்ல வந்தேன்!”

“வாளிதான் முதல்ல வந்துச்சு. நீங்க பின்னாலதான் வந்தீங்க!”

ஸ்டேஷன் மாஸ்டர் தம் வாளி நிறைந்ததும் குனிந்து பார்த்தார். கறுத்த தண்ணீரின் மேல் நுரையும் இறகுகளும் மிதந்தன. ஒரு செத்த பல்லியும் இருந்தது.

“இதுவா தொட்டிக்குப் போயிருக்கும்?” என்று கேட்டார். நடைமேடைக் குரலில் அல்ல. வீட்டில் பேசும் குரலில்.

“ஆமாம் தாத்தா.”

“ம்,” என்றார் அவர். அடுத்த வாளியை வைத்தார்.

மழை சற்றுத் தணிந்தது. பம்பரம் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மீண்டும் தம்ளரில் பிடித்தாள். இப்போது தேநீர் நிறம். செய்தித்தாளைப் பின்னால் வைக்கப் போனபோது அது கையிலேயே கூழாகிப் பிய்ந்தது.

“எழுத்து எங்கே போச்சு!” அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். “மாமா, சின்ன எழுத்து இருக்கற மாதிரி ஏதாவது குடுங்க! நனைஞ்சாலும் கிழியக் கூடாது!”

தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி, தம்ளருக்குப் பின்னால் பிடித்தார். “என்ன தெரியுது?”

“நாடாவே தெரியல.”

மேலும் சில வாளிகள் நிறைந்தன.

“இப்ப?”

“எண் தெரியுது. கோடு தெரியல.”

மழை மறுபடியும் வலுத்தது. பம்பரம் தம்ளரை நன்றாகக் கழுவிவிட்டுப் பிடித்தாள். தண்ணீருக்கு அப்பால், எண்களுக்கு நடுவே இருந்த மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“தெரியுது! எல்லாம் தெரியுது! திருப்பப் போறேன்!”

“இரு, இரு!” என்று அலறினார் ஸ்டேஷன் மாஸ்டர். “திருப்பாதே! என் மூணாவது வாளி இன்னும் பாதிதான் ஆகியிருக்கு!”

“எனக்கு இன்னும் முறையே வரல!” என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

பம்பரம் அவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழு பலத்தையும் கொடுத்துக் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினாள்.

சாக்கடைப் பக்கம் மெலிந்து, சொட்டி, நின்றது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தரைக்கு அடியிலிருந்து, வெகு ஆழத்தில், தண்ணீர் விழும் ஓசை வந்தது. முணுமுணுப்பாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பெருத்தது. தையல்காரர் குனிந்து தொட்டியின் மூடியில் காதை வைத்துக்கொண்டார். அவர் எழுந்திருக்க நேரமாயிற்று.

அக்கா வந்தபோது மழை விட்டிருந்தது. தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் அட்டைப் பெட்டிக்குள் அந்தக் கருவி பத்திரமாக இருந்தது. நேராகப் போய்த் தொட்டி மூடியைத் திறந்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன் வழியே பம்பரத்தின் முகம், ஈரத் தலைமுடி உட்பட, தெளிவாகத் தெரிந்தது.

“ரொம்ப நேரம் சாக்கடைக்கு விட்டியா?”

“சாக்கடைக்கு விடவே இல்லக்கா. ஆரம்பத்துல கொஞ்சம்தான் போச்சு. அப்புறம் எல்லாம் வாளிக்குப் போச்சு.”

சுவரோரம் வரிசையாக நின்ற வாளிகளை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

“இதை நான் யோசிக்கவே இல்லையே,” என்றாள் மெதுவாக. “குழாய் வாயில ஒரு பீப்பாய் வெச்சிருக்கலாமே.”

“வையேன்! பெரிசா வை. இங்க சண்டை தாங்கல.”

இருவரும் மேலே போகப் புறப்பட்டார்கள். முதல் படியிலேயே ஸ்டேஷன் மாஸ்டர் துடைப்பத்தோடு வழிமறித்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுவதும் கழுவிப் பளபளத்தது.

“காலைக் கழுவிட்டு ஏறுங்க. இப்பத்தான் கழுவியிருக்கேன்.”

“தாத்தா, அந்தத் தண்ணியிலயா படி கழுவினீங்க? அழுக்காச்சே!” என்றாள் பம்பரம்.

“வடிகட்டித்தான் கழுவினேன். என் பழைய வேட்டியில.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பல்லியை எடுத்துட்டேன்.”

மறுநாள் பேராசிரியர் வந்து தண்ணீர் எடுத்துச் சென்றார். அதற்கடுத்த இரண்டு நாட்களில் பம்பரம் தொலைபேசிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்த தூரத்தைச் சேர்த்தால் பல்கலைக்கழகத்துக்கே போய்வந்திருக்கலாம். மூன்றாம் நாள் மாலை அக்கா பேராசிரியரோடு பேசிவிட்டுத் தொலைபேசியைக் கீழே வைத்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளரை நிரப்பி நீட்டினாள்.

பம்பரம் குடித்தாள். லாரித் தண்ணீரின் இரும்பு வாடை அதில் இல்லை. வேறு எந்தச் சுவையும் இல்லை.

இன்னொரு தம்ளர் கேட்டாள்.