முத்திரை உடையாத உறை

செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

உறையின் வாயில் சிவப்பு அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. கிரேஸ் அதை எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தாள் வந்தது. இரண்டிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

செத்துப்போனவர் தைரியநாதன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி இறக்கிய லாரி டிரைவர். கச்சிராயப்பாளையத்தில் அவர் கட்டிய இரண்டு அறை வீடு இது. முதல் மனைவி இறந்தபின் பதினெட்டு வருஷம் கிரேஸ் அவருடன் இருந்தாள், சமைத்தாள், கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். வீடு அவளுக்கு என்றுதான் உயில். அந்த உயில்தான் இப்போது வெள்ளைத்தாளாக வந்து நிற்கிறது. அது இல்லையென்றால் அறுபத்திரண்டு வயதில் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெரியநாயகி சும்மா இருக்கவில்லை. "எழுதுனவங்களயே கேளுங்க. வெறுந்தாள உள்ள வெச்சி ஒட்டினா யாருக்குத் தெரியும்?"

எழுதினவள் அருள்மொழி, அங்கேயேதான் நின்றிருந்தாள். கள்ளக்குறிச்சி பத்திர ஆபீஸ் எதிரே மேஜை போட்டு இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறாள். கோபக்காரி. எவன் பட்டாவில் எவன் கைவைத்தான் என்று தாளைத் தடவியே சொல்லிவிடுவாள். பதிவு செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தைரியநாதன் மறுத்ததால் 2019இல் சாதாரணத் தாளில் உயில் எழுதி, இரண்டு சாட்சி வாங்கி, துணி ஒட்டிய கெட்டி உறையில் போட்டு முத்திரை வைத்தாள். நகல் எடுக்கவும் அவர் விடவில்லை. "இனிமே இத தொடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். பெரியநாயகி சொன்னதைக் கேட்டு அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கிரேஸை உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

10.45.

"உறை வெச்சிருந்த பீரோ பூட்டு உடைஞ்சிருந்துச்சாக்கா?"

"இல்ல."

"சாவி?"

"அவரு இடுப்புல இருந்துச்சி. செத்த அன்னிக்கு அவுத்து என் தாலிக்கயித்துல கோத்துக்கினேன். இன்னும் இங்கதான் இருக்குது."

"அதுக்கப்புறம் தொறந்தீங்களா?"

இல்லை என்றாள். கொஞ்சம் யோசித்து, ஒரே ஒரு தடவை என்றாள். அடக்கத்தன்று மதியம் ராபின் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்று கேட்டான். உறையும் மற்ற காகிதங்களும் இருந்த பையை அப்படியே கொடுத்தாள். அரைமணி நேரத்தில் திரும்பித் தந்துவிட்டான். முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே வைத்தாளாம்.

ராபின் தைரியநாதனின் ஒரே மகன். சென்னையில் வேலை. அப்பா கிரேஸை வைத்துக்கொண்டதிலிருந்து வீட்டுப் பக்கமே வராதவன், சாவுக்கு வந்து எல்லாம் பொறுப்பாகச் செய்தான். கூலிக்கு ஆள் விட்டால் அப்பாவுக்கு மரியாதையில்லை என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூடத் தானே பசை காய்ச்சி ஒட்டினான். ஊரே மெச்சியது.

11.15.

அருள்மொழி உறையை ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்தாள். எல்லோரும் உறையின் வாயைப் பார்த்தார்கள். அடியை ஒருவரும் பார்க்கவில்லை. அடி மடிப்பின் ஓரத்தில் காய்ந்த பசை பிதுங்கியிருந்தது. இளநீல நிறம். உறை செய்யும்போது அவள் போட்ட கோந்து மஞ்சள்.

தெருவுக்கு வந்தாள். மதில் சுவரில் தைரியநாதன் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அதே நீலம். ஆடுமாடு தின்னாமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். வீட்டில் கடிதம் ஒட்ட எவளும் துத்தம் போட்டுப் பசை காய்ச்சமாட்டாள்.

11.40.

ராபின் மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அருள்மொழி உறையை அவன் மடியில் போட்டாள்.

"அடிய பிரிச்சி எடுத்துட்டு போஸ்டர் பசையில ஒட்டியிருக்க. அன்னிக்கி பசை வாளி உன் கையிலதான் இருந்துச்சி, உறை இருந்த பையும் உன் கையிலதான் இருந்துச்சி. உயில் எங்க?"

பெரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். ராபின் மறுக்கவில்லை. தோள்பையிலிருந்து மடித்த இரண்டு தாளை எடுத்து நீட்டினான்.

"கொளுத்தலயா?"

"அப்பா கையெழுத்து, மேடம். கை வரல. இப்ப அதுக்கு அவசியமும் இல்ல." அவன் குரலில் ஜெயித்தவன் சந்தோஷம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "நேத்து சின்னசேலத்துல ஒரு வக்கீல்கிட்ட காட்டினேன். இத எழுதினப்புறம் உங்கப்பா கல்யாணம் எதனா பண்ணாரான்னு கேட்டாரு. ரெண்டு வருஷம் முன்னாடி மாதா கோயில்ல பண்ணாருன்னு சொன்னேன். அப்ப இது செத்த தாளுன்னுட்டாரு. முன்னயே தெரிஞ்சிருந்தா நான் ஏன் திருடப்போறேன்?"

அருள்மொழி வாசலுக்குப் போய்க் கள்ளக்குறிச்சியில் தனக்குத் தெரிந்த பெரிய வக்கீலுக்குப் போன் போட்டாள். அவர் அவசரத்தில் இருந்தார். கிறிஸ்தவர் எழுதிய உயில், எழுதியவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் தானாக ரத்து. இந்துக்களுக்கு அப்படி இல்லை. திரும்பப் புதிதாக எழுதியிருக்க வேண்டும். இனி சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு மகனுக்கு, ஒரு பங்கு மனைவிக்கு. அவ்வளவுதான் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷம் அவள் எழுதியதெல்லாம் இந்துக்களின் உயில். அதே வாசகத்தைத்தான் தைரியநாதனுக்கும் போட்டாள்.

12.05.

உள்ளே வந்தாள். கிரேஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். உயில் கிடைத்துவிட்டதல்லவா.

அருள்மொழி பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு ராபினுக்கு, ஒரு பங்குதான் உங்களுக்கு என்றாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் விற்கத்தான் போகிறேன் என்று ராபின் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"திருடினவன் இவன்தான்க்கா. ஆனா உங்க வூட்ட எடுத்தது இவன் இல்ல. அவரு படுத்தப்போ, கல்யாணம் பண்ணாத்தான் பூசையில நன்ம அப்பம் தருவேன்னு கோயில் சாமியாரு சொன்னாருன்னு எங்கிட்ட வந்து கேட்டீங்களே. பண்ணிக்கோங்க, உயிலுக்கு இன்னும் பலம்னு சொன்னது யாரு?"

கிரேஸுக்கு நினைவு இருந்தது. "நீதான. பொடவ கூட நீதான எடுத்தாந்த."

"நான்தான். அன்னிக்கே இந்தத் தாள மாத்தி எழுதியிருக்கணும். தோணவே இல்ல. தொடாதீங்கன்னு வேற சொல்லிட்டேன்."

கிரேஸ் உயிலை மடித்து, அடி பிரிந்த உறைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். பிறகு கழுத்துக்குக் கை போயிற்று. சாவியை ஒதுக்கிவிட்டுத் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அருளு, இத கழட்டி அந்தச் சாமியாருகிட்டயே குடுத்துட்டா உயிலு திரும்ப வந்துருமா?"

"வராதுக்கா" என்றாள் அருள்மொழி.