எல்லாரும் வாங்க

இரண்டாம் முறை எண்ணியபோதும் பன்னிரண்டுதான் வந்தது.

கள்ளிக்குப்பத்திலிருந்து வேனில் வந்தவர்கள், அன்னம்மாள் டீச்சரையும் சேர்த்து, பதினோரு பெண்கள். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை வாசலில், சாய்ந்து விழும் மாலை வெயிலில், ஒருத்தி செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டும் ஒருத்தி கருவாட்டுப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டும் நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். பெயர் சொல்லி எண்ணினால் பதினொன்று. தலைகளை எண்ணினால் பன்னிரண்டு.

ஒவ்வொரு ஜனவரியிலும் தெருப் பெண்களைக் கூட்டிவந்து, முள் மண்டிய கோட்டை மேடு, படகுத்துறை, கடைசியாக இந்தக் கல்லறை என்று நடத்திக் காட்டுவது சரித்திர டீச்சரான அவளுடைய வழக்கம். இந்த வருடம் வர மனமில்லை. மூன்று கரு நழுவி, நாலாவதாகத் தங்கிய பிள்ளையை மகள் ஞானகுமாரி பெற்றெடுத்துப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஏழரைக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்த அவசரத்தில்தான் கூப்பிட்டாள். மற்றவர்கள் உள்ளே, கல்லில் செதுக்கிய எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலின் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களுக்கு நடுவில் நின்று, வகுப்பில் கூப்பிடும் அதே குரலில் சொன்னாள்: "போதும், எல்லாரும் வாங்க. ஒருத்தரும் உள்ள நிக்க வேணாம். வாங்க, வாங்க."

வெளியே வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அங்கம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, சமாதி வாசல்ல நின்னுகினு வாங்கன்ற? எழவு ஊட்லயே அந்த வார்த்தைய சொல்ல மாட்டாங்களே."

"நம்ம கூட்டத்தத்தான கூப்பிட்டேன், அங்கம்மா."

"அது உனக்குத் தெரியும். உள்ள படுத்துகினு கீறவங்களுக்குத் தெரியுமா?"

"டச்சுக்காரனுக்குத் தமிழ் எங்கடி புரியப்போவுது?" என்றாள் பார்வதம். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் தனியாக, மெதுவாக, ஓய்ந்தது.

அப்போதுதான் அன்னம்மாள் எண்ண ஆரம்பித்தாள்.

வேனில் சேற்று வாடை அடித்தது. ஏரித் தண்ணீர் வடிந்த இடத்தில், வெயிலில் செத்துக் கிடக்கும் சிப்பிகளின் மேலிருந்து எழும் வாடை. கருவாடு என்று நினைத்து ஜன்னலைத் திறந்தார்கள். காற்று உள்ளே வந்தது, வாடை வெளியே போகவில்லை. பொன்னேரி தாண்டியதும் இருட்டிவிட்டது. எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு அணைந்தது. அன்னம்மாள் திரும்பிப் பார்க்காமல் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் திருவேங்கடம் கண்ணாடியைப் பார்த்தபடி குரல் கொடுத்தார். "யக்கா, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. பின்னாடி ஒருத்தர் பொன்னேரிலேர்ந்து நின்னுகினே வராங்க பாரு."

பின்னால் தலைகள் திரும்பின.

"யாரும் நிக்கலியே அண்ணாத்தே," என்றாள் பார்வதம். "தண்ணி போட்டுகினு ஓட்டறியா?"

திருவேங்கடம் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அதன் பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கள்ளிக்குப்பம் நிறுத்தத்தில் அன்னம்மாள் முதலில் இறங்கி, பின்கதவு ஓரம் நின்றாள். ஒவ்வொருத்தி இறங்கும்போதும் இரும்புப் படி கிறீச்சிட்டுத் தாழ்ந்து, மேலே எழுந்தது. எட்டு. ஒன்பது. பத்தாவதாக அங்கம்மா. வேன் காலி.

படி இன்னொரு முறை தாழ்ந்தது. எழுந்தது.

அங்கம்மாவும் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் பிரிந்து போகும்வரை காத்திருந்து, அன்னம்மாளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"நீ கூப்புட்டே, உன் பின்னாடிதான் வரும். ஆனா வாசப்படி தாண்டணும்னா ஊட்ல கீறவங்க கூப்புடணும். உம் பொண்ணு வாய்லேர்ந்து வான்னு ஒரு வார்த்த வரக்கூடாது. பச்ச உடம்புக்காரி. புள்ளைய தூக்கிகினு பின்வாசலால எங்க ஊட்டுக்கு வரச் சொல்லு. நான் கதவத் தொறந்து வெக்கறேன்."

எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் காட்டி முப்பது வருடம் பாடம் சொன்னவள் சரியென்று தலையாட்டினாள்.

தெரு நூறு அடிதான். தார் ரோடு. அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், ஈர மணலில் கால் புதைந்து எழும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. ஜெபம் சொல்லப் பார்த்தாள். பாதியில் வார்த்தை மறந்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. கேட்டைத் தொடவில்லை. சந்துப் பக்கம் போய், ஜன்னல் வழியாகச் சொல்லிவிடலாம். இரண்டு அடி வைத்தாள்.

கதவு திறந்தது.

ஞானகுமாரி. செருப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். கையில் பால் பாட்டில் மூடி. சோர்ந்த, சந்தோஷமான முகம்.

அன்னம்மாள் சட்டென்று உதட்டின் மேல் விரலை வைத்தாள். பேசாதே. ஒரு வார்த்தை வேண்டாம். பேசாதே, குமாரி.

மகள் புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள். அவளும் உதட்டில் விரல் வைத்தாள்.

"தூங்கறாம்மா," என்றாள், மிக மெதுவாக. "நான் சத்தம் போடல."

பிறகு அன்னம்மாளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். யாரோ விருந்தாளியைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்தது. குழந்தை விழித்துவிடாத தாழ்ந்த குரலில், மரியாதையாக,

"வாங்க," என்றாள். "ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

சேற்று வாடை அன்னம்மாளைத் தாண்டிப் போனது.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரமான ஒரு பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. கூடத்தைக் கடந்து, உள்ளறையில் போய் நின்றன.

உத்தரத்துக் கொக்கியிலிருந்து குழந்தையின் சேலைத் தூளி தொங்கியது. இடுப்பு உயரத்தில் தொங்கவேண்டிய தூளி. இப்போது பாரத்தில் இழுபட்டு, தரையைத் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது.