கருகமணியில் கோத்த காசு

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பர்மியப் படகுத்துறைப் பகுதியான அலோனில் காலையிலிருந்து விடாத மழை. மின்சாரம் இல்லை. படகுத்துறையின் ஈரச் சாக்கு வாடையும் ஜெனரேட்டர் புகையும் ஜன்னல் வழியே ஏறி வந்துகொண்டிருந்த அந்த மங்கலில், தம்பி மனைவி ஷிரின் கண்ணாடி இல்லாமலே முகத்தில் தானகா பூசிக்கொண்டிருந்ததை நபீஸா அறைவாசலில் நின்று பார்த்தாள். குழைத்த மரப்பட்டைச் சாந்தோடு உள்ளங்கை இடக்கன்னத்தில் தொடங்கி வலக்கன்னத்தில் முடிந்தது. நடுவில் அது எதன்மீதும் ஏறி இறங்கவில்லை.

இருட்டின் பிழை என்று சொல்லிக்கொள்ள நபீஸாவுக்கு இன்னும் சிறிது இடமிருந்தது.

ஷிரினின் கழுத்தில் கருகமணியைக் கட்டியவள் அவள்தான். மாப்பிள்ளையின் அக்காள் கட்டுவது அவர்கள் வழக்கம். அதில் கோக்க வாங்கிய தங்கக் காசில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஆண்ட யாரோ ஒரு மன்னனின் முகம், மூக்கும் வாயும் தேய்ந்து, பதிந்திருந்தது. எவளோ ஒருத்தியின் கழுத்துக்காக அதன் உச்சியில் வளையமும் முன்பே பற்றவைக்கப்பட்டிருந்தது. உருவம் வெளியே தெரிந்தால் தொழுகைக்கு ஆகாது என்று, முகம் நெஞ்சைப் பார்க்குமாறு திருப்பிக் கோக்கச் சொன்னவளும் நபீஸாதான்.

மழைக்காலம் தொடங்கியபோது ஷிரினின் புருவங்கள் மெலிந்தன. பிறகு மேலுதட்டின் பள்ளம் தூர்ந்தது. ஒரு நாள், அவள் உறங்கும்போது, நபீஸா காசைத் திருப்பிப் பார்த்தாள். மன்னனுக்கு மூக்கு வந்திருந்தது. அதில் மூக்குத்தித் துளையும் இருந்தது.

தம்பி யாசரிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"தானகாவ அப்பியிருக்கா, அவ்வளவுதான். நான் உசிரோட இருக்கயில கருகமணிய அவுக்கிறதா? என்னைய மவுத்தாக்கிட்டுத்தான் மறுவேலையா, லாத்தா?"

"காச மட்டும் எடுத்துருவோம்டா."

"ஜமாஅத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். எடுக்கலாம்."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் இன்று ஜும்ஆ முடிந்தும் அவன் பள்ளிவாசலில் காத்திருந்தான். நபீஸாவால் காத்திருக்க முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஷிரின். இங்க திரும்பு புள்ள."

"சொல்லுங்க மைனி."

குரல் முகத்திலிருந்து வரவில்லை. கழுத்துக்குக் கீழிருந்து வந்தது.

நபீஸா நூலைப் பிடித்தாள். காசு வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் காற்றுப் பட்டது. நின்றது. மீண்டும் பட்டது.

"வெட்டாதீங்க மைனி. இது வழியாத்தான் மூச்சு விடுறேன்."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"மீ லாபியீ!" என்று மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் தெருவே கத்தியது. விளக்கு எரிந்தது.

ஷிரினின் முகம் இருந்த இடத்தில் மஞ்சள் சாந்து. வழவழப்பு. வேறொன்றுமில்லை.

படியில் செருப்புச் சத்தம். யாசர் நனைந்த குடையை உதறியபடியே நுழைந்தான்.

"ஒருவழியா கையெழுத்தாயிருச்சு லாத்தா. காச எடுக்கலாமாம். இனிமேலாவது எம் பொண்டாட்டிய நிம்மதியா விடுவியா?"

வேண்டாம் என்று நபீஸா சொல்ல வேண்டும். கீழே கிடந்த கத்தரிக்கோலைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். யாசர், குடையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாளை மனைவியிடம் நீட்டினான்.

"நீயே படிச்சிக்க."

ஷிரின் வாங்கிக்கொண்டாள். மற்றக் கையால் காசை வெளிப்புறமாகத் திருப்பி, தாளை அதன் முன் விரித்துப் பிடித்தாள். காசிலிருந்த கண்கள் முதல் வரியைக் கடந்து, மெல்ல, இரண்டாம் வரிக்கு இறங்கின.