அசையாத முள்

"என்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்க சார்" என்றபடி சர்வேயர் வீட்டில் வந்து உட்கார்ந்தார் மண் பரிசோதகர். புதிய சாலை முதல் மழையிலேயே அமுங்கிவிட்டது. அதன் அடிமண் உறுதியானது என்று சான்று கொடுத்தவர் அவர்தான். மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைக்காமலே எழுதிவிட்டார் என்கிறார் ஆய்வக மேலாளர். அடுத்த வாரம் விசாரணை; அதுவரை வேலைக்கு வரக்கூடாது. அதில் தோற்றால் பதினாறு வருட வேலை போய்விடும்.

சர்வேயர் அலட்டிக்கொள்ளவில்லை. இன்சூரன்ஸுக்காக இடிந்ததையும் எரிந்ததையும் பார்த்தே ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய மைத்துனரோ அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

"மாமா, யாரோ மண் மூட்டையை மாத்திட்டாங்க. எழுதி வச்சுக்குங்க!"

"முதல்ல காபியைக் குடி, மாப்ளே."

ஆய்வகம் பளபளவென்று இருந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வந்தபோது கருவிகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்தார்களாம். மூலையில் மீதி மூட்டை, போட்ட முத்திரை கலையாமல் இருந்தது. உள்ளே அதே சாலையின் கறுப்பு மண். மைத்துனரின் கட்சி அங்கேயே படுத்துவிட்டது.

பரிசோதகர் செய்முறையைக் காட்டினார். இரும்பு உருளையில் மண்ணை இடித்து நிரப்பி, மேலே ஐந்து கிலோ எடையை ஏற்றி, தொட்டியில் நிறுத்த வேண்டும். தண்ணீர் உருளையின் விளிம்புக்குக் கீழேதான் நிற்கும். அடித்தட்டின் துளைகள் வழியாகத்தான் அது மண்ணுக்குள் ஏறும். மண் உப்பினால் மேலே இருக்கும் முள் நகரும். நான்கு நாள் கழித்து எந்திரத்தின் தண்டை அதில் அழுத்தி, மண் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பதிவேட்டில் நான்கு நாளும் பூஜ்யம்.

"இதுக்கு மேல என்ன வேணும்? ஊறவே வைக்கல!" என்றார் மேலாளர்.

"பொய் எழுதுறவங்க நாலு பூஜ்யம் போடமாட்டாங்க சார். கறுப்பு மண் உப்பும்னு இவங்களுக்குத் தெரியாதா? ஏதாவது நம்பரைப் போட்டு ஒப்பேத்தியிருப்பாங்க." சர்வேயர் பரிசோதகரிடம் திரும்பினார். "மேல ஈரம் வந்துதாம்மா?"

"வரல சார். களிமண்ணு, மெதுவாத்தான் ஏறும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

சர்வேயர் அடித்தட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு துளையிலும் வெளிச்சம் வரவில்லை. குண்டூசியால் குத்தினார். பச்சைச் சில்லு ஒன்று மேஜையில் விழுந்தது.

"மண்ணு ஊறலைங்கறது நிஜம். ஊறவிடாம பண்ணினது இந்தப் பெயிண்ட். அடிக்கச் சொன்னது யாரு?"

மேலாளர் அந்தச் சில்லைக் கையில் எடுத்தார். "நான்தான்."

துளைகளைச் சுத்தம் செய்து, மீதி மண்ணை இடித்து, மறுபடி ஊறவைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முள் ஆறு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. கையும் இல்லை, காலும் இல்லை. சத்தமில்லாமல் ஐந்து கிலோ இரும்பைத் தூக்கி நிறுத்தியிருந்தது மண். பிறகு எந்திரத்தின் தண்டு இறங்கியபோது, அதே மண் எதிர்ப்பே காட்டாமல் வழிவிட்டது. மைத்துனருக்கு மெய்சிலிர்த்தது.

"அம்மாடியோவ்! இதுமேலயா மாமா நாம தினமும் நடக்கிறோம்?"

சர்வேயரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் குற்றச்சாட்டுக் கடிதத்தைக் கிழித்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. நாளைக்கே வந்து சேர்ந்துக்குங்க."

பரிசோதகர் நிமிரவில்லை. பதிவேட்டைப் புரட்டி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இல்ல சார், இப்பவே உட்காரணும். பெயிண்ட் அடிச்சப்புறம் ஒன்பது சாலைக்குச் சான்று கொடுத்திருக்கோம். ஒன்பதுலயும் என் கையெழுத்து இருக்கு."