கடைசி வரிசையில் ஒரு மூச்சு

அரங்கு நிறைந்திருந்தது. மூச்சுவிடும் ஆள்தான் குறைவு.

செவ்வாயின் குமிழ்நகரில் யாரும் நாடகத்துக்கு நேரில் போவதில்லை. தங்கள் முகமும் குரலும் பொருத்திய 'பதிலி'யை அனுப்புவார்கள். அச்சு அசலாக இருக்கும். தொட்டால்தான் இயந்திரம் என்று தெரியும். அது பார்த்து, கைதட்டி, வீடு திரும்பி இரண்டு வரியில் கதை சொல்லிவிடும். ஆனால் காற்றைக்கூடத் தயாரித்துப் பிழைக்கும் ஊர் அது. பார்வையாளர்களில் ஒரு மனித மூச்சாவது கடைசிவரை இல்லையென்றால், அந்த நாடகத்துக்கு மறுநாள் காற்று கிடையாது.

அமுதவல்லி எழுதிய இரண்டு இசை நாடகங்கள் அப்படித்தான் மூடப்பட்டன. இதுவும் போனால் இனி அவளை எழுதவே விடமாட்டார்கள்.

"நான் வராம வேற யார் வருவா?" என்று காலையில் கணவன் சேந்தன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

வாசலில் இளவழுதி நின்றான். அவனும் பாட்டெழுதுகிறவன், அவளுக்கு ஜென்மப் பகையாளி.

"என்னம்மா, இன்னிக்கும் இழுத்து மூடிடுவாங்களா?"

"முன்வரிசையைப் பாருங்க. என் வீட்டுக்காரர்."

சேந்தன் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். இளவழுதியின் முகம் சுருங்கியது.

"அப்போ நான் எழுந்து போயும் பிரயோஜனமில்லே. உக்காந்து ஒவ்வொரு வரியா கேக்கறேன். நாளைக்கு ஊர் சிரிக்கக் கிழிக்கறேன்."

"கிழிங்க. உங்க பாட்டைவிட அதாவது உருப்படியா வரட்டும்."

திரை விழுந்ததும், பார்வையாளர்களில் மனித மூச்சை எண்ணும் மூச்சுமானி மேடைக்கு மேலே 'ஒன்று' என்று ஒளிர்ந்தது. இளவழுதி பாதியில் ஓடிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அமுதவல்லி ஓடிப்போய்ச் சேந்தனின் கையைப் பிடித்தாள்.

ஜில்லென்றிருந்தது.

"பிரமாதம்மா. அழுதுட்டேன்" என்றது பதிலி. பக்கத்தில் அவள் அக்காவின் பதிலியும் அதே குரலேற்றத்தில், "பிரமாதம்மா. அழுதுட்டேன்."

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். இளவழுதி மூச்சுமானியை வெறித்துக்கொண்டு நின்றான். தன் நாடகம் தோற்றவன் மாதிரி முகம் கறுத்திருந்தது.

"மழையே பெய்யாத ஊர்ல தாலாட்டுல எதுக்கு மழை? மூணாவது வரி சுத்த அபத்தம்!" என்று கத்திவிட்டு வெளியேறினான்.

அந்த வரிக்காக அவள் ஒரு மாதம் தூங்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்ததே வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் சேந்தன் சோபாவில் சாய்ந்திருந்தான். "பிரமாதம்மா. அழுதுட்டேன்" என்றான்.

அமுதவல்லி அடுத்த நாடகத்தை எழுதத் தொடங்கினாள். இளவழுதி தவறாமல் வரவேண்டும் என்பதற்காக, முதல் பாட்டிலேயே அவனை நாறடித்தாள்.