பதினெட்டு பல்புகளும் ஒரு ராஜாவும்

ராஜாத்திக்கு மீசை ஒட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. தும்மல் வரும்போலிருந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டாள். ஆறரை மணிக்கு நாடகம். அவள்தான் ராஜா.

எட்டாம் வகுப்பில் அவள் அளவுக்கு உரக்கப் பேச யாராலும் முடியாது. அதனால் கிடைத்த வேடம். ஒரு மாதமாக வீட்டு ஆட்டுக்குட்டிகளுக்குக்கூட ஆணையிட்டுக்கொண்டிருந்தாள்.

அது 1968ஆம் வருடம். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்குக் கரண்ட் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளி ஆண்டு விழா முதல்முறையாக மின்விளக்கில் நடக்கப்போகிறது என்றதும் ஊருக்கே கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஒன்றாகப் பதினெட்டு வீட்டார் பல்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு பல்புக்குக் கீழும் ஓர் அட்டை தொங்கியது. 'உபயம்: வெங்கடப்பன்', 'உபயம்: மாரம்மா' என்று பெரிய எழுத்தில் பெயர். சின்ன பல்பு கொடுத்தால் மானம் போய்விடும் என்று எல்லாரும் நூறு வாட்டாகவே வாங்கி வந்திருந்தார்கள்.

நான்கரை மணிக்கு வயர்மேன் ஜான்பீட்டர் சுவிட்சைப் போட்டார். பந்தல் பளிச்சென்றது. "ஆ!" என்றது கூட்டம். சற்று நேரத்திலேயே 'டப்'! எல்லாம் அணைந்தது.

"பியூசு போயிடுச்சு" என்றார் ஜான்பீட்டர். வேறு கம்பி போட்டார். மறுபடியும் 'டப்'.

தலைமையாசிரியர் ஜெபதுரை கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவை போச்சுன்னா நாடகம் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே பரிசைக் கொடுத்து முடிச்சிடலாம்."

ராஜாத்தி இடுப்பில் செருகியிருந்த மரவாளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"பாதி பல்பைக் கழட்டிட்டா சரியாப் போயிடுங்க சார்" என்றார் ஜான்பீட்டர். "யாரோடதக் கழட்டறது?"

"ஏமய்யா, மொதல்ல குடுத்தது நானு. என் பல்பு மேல கை வெச்சிடாத!" என்றார் வெங்கடப்பன். ஊரிலேயே அதிக நிலம் அவருக்குத்தான்.

"அப்ப என்னுது மட்டும் இளிச்சவாய் பல்பா?" என்றாள் மாரம்மா. தக்காளிக் கூடை சுமந்து விற்கிறவள் அவள்.

கூட்டத்தில் யாரோ கத்தினார்: "தடிக் கம்பியாப் போடுப்பா! அப்புறம் எப்படிப் போகுதுன்னு பாத்துடலாம்!"

"போடு, போடு!" என்றார்கள் நாலு பேர். ஜான்பீட்டரின் கை தயக்கத்தோடு பையைத் துழாவியது.

"அண்ணா, தடிக் கம்பி போட்டா பியூசு போகாது. அப்புறம் எது போகும்?" என்று கேட்டாள் ராஜாத்தி.

"ஒயரு சூடாகும்..." என்றவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே காய்ந்த தென்னங்கீற்று. "ஆண்டவரே! அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பியூசு எத்தன ஆம்பியர் தாங்கும்ணா?"

"அஞ்சு."

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பரீட்சையோடு அந்தப் பாடத்தின் வேலை முடிந்தது என்றுதான் ராஜாத்தி நினைத்திருந்தாள். இப்போது மரவாளின் நுனியால் மண்ணில் எழுதினாள்.

"இருநூத்தி முப்பது வோல்ட். அத அஞ்சால பெருக்கினா ஆயிரத்து நூத்தி அம்பது வாட். இவ்வளவுதான் தாங்கும். நம்ம பல்பே ஆயிரத்து எண்ணூறு. மைக் செட்டு?"

"இருநூறு."

"மொத்தம் ரெண்டாயிரம்! இருநூத்தி முப்பதால வகுத்தா எட்டே முக்கால் ஆம்பியர் கிட்ட வருது. அஞ்சு தூக்கறவன் தலையில எட்டே முக்கால ஏத்தினா அவன் என்னா பண்ணுவான்?"

மந்திரி வேடத்தில் நின்ற பவுலினா, "அப்ப பாதியக் கழட்டித்தான் ஆகணுமா, ராஜா?" என்றாள்.

ராஜாத்தி மாரம்மாவைப் பார்த்தாள். அவள் தன் பெயர் அட்டையைக் கையால் பிடித்தபடி நின்றாள். எப்படிக் கழற்றச் சொல்வது? மனசு வரவில்லை.

"பவுலினா, உங்க வீட்டுல எரியறது எத்தன வாட்?"

"நாப்பது."

"எங்க வீட்டுலயும் நாப்பதுதான். பெரியப்பா, உங்க வீட்டுல?"

வெங்கடப்பன் தொண்டையைச் செருமினார். "நாப்பதுதாம்மா. மீட்டரு ஓடுதில்ல?"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டிலும் நாற்பதுதான்.

வாள் மறுபடியும் மண்ணில் ஓடியது. "பதினெட்டு நாப்பது எழுநூத்தி இருபது. மைக்கோட சேத்தா தொள்ளாயிரத்து இருபது. வகுத்தா நாலே ஆம்பியர்!" ராஜாத்தி குதித்தாள். "யார் பேரையும் எடுக்க வேணாம். அட்டை அப்படியே இருக்கட்டும். வீட்டுல இருக்கிற பல்பைக் கொண்டாந்து மாத்திக்கலாம்."

"அதே கரண்டுதானே? சின்ன பல்புல மட்டும் எப்படிக் கம்மியாப் போகும்?" என்றாள் மாரம்மா.

"உள்ள இருக்கிற கம்பி அதிகமாத் தடுக்கும்க்கா. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா எவ்வளவு தடைன்னு தெரியும். நூறு வாட் பல்புக்கு ஐந்நூத்திச் சொச்சம் ஓம். நாப்பதுக்கு ஆயிரத்து முந்நூறு."

"போதும் தாயி, நான் போய் பல்பை எடுத்தாறேன்!"

பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். பல்புகள் துண்டிலும் பாவாடை மடியிலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஜான்பீட்டர் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினார். ஆறே காலுக்கு சுவிட்சைப் போட்டார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. 'டப்' சத்தமே இல்லை. வெளிச்சம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பதினெட்டுப் பெயர்களையும் படிக்க முடிந்தது.

"நாடகம் நடக்கட்டும்!" என்றார் ஜெபதுரை.

ராஜா போரில் வென்றார். வெங்கடப்பன் விசிலடித்தார். கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலையத் தொடங்கியதும் ராஜாத்தி ஜான்பீட்டரிடம் ஓடினாள்.

"அண்ணா, நான் எப்படி நடிச்சேன்?"

ஜான்பீட்டர் தலையைச் சொறிந்தார். "நான் எங்கம்மா பாத்தேன்? உன் கணக்கு சரிதான், ஆனா மனசு கேக்கல. ஆரம்பத்துலேர்ந்து பியூசு கட்டையவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

ராஜாத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்படின்னா உக்காருங்கண்ணா!" என்று மந்திரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள்.

பதினெட்டு விளக்குகளும் எரிய, ஒரே ஓர் ஆள் பார்ப்பதற்காக, ராஜா மறுபடியும் போருக்குப் புறப்பட்டார்.